பைத்தான் நிரலில் பிழை காண்டலும் உதவி பெறுதலும்

கணிப்பொறிக்கு ஆணைகளை எழுதித் தரும் வேலை ஒரு காலத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் பணிபுரிந்த சிலருக்கே உரியதாக இருந்தது. 1955-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது; 1960-இல் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டிஃப்ராக் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் இத்தகைய யந்திரங்களை அணுகும் வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலரே. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியற் பாடத்தில் பைத்தான் என்னும் நிரல்மொழி கற்பிக்கப்படுகின்றது. பள்ளியில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியரும், மழைமானியின் அளவுகளைத் தொகுக்கும் களப்பணியாளரும் தமக்கு வேண்டிய சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்ள முற்படுகின்றனர்.

இவ்வாறு முற்படுவோரிற் பலர் முதல் சில நாட்களிலேயே தளர்ந்துவிடுவதுண்டு. எழுதிய நிரல் ஓடுவதில்லை. திரையில் விளங்காத ஆங்கில வரிகள் தோன்றுகின்றன. அப்போது சிலர் முயற்சியைக் கைவிடுகின்றனர். வேறு சிலர், விவரம் அறிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்கின்றனர். பின்னவர்க்கு அன்றைய வேலை முடிந்துவிடுகிறதேயன்றி, மறுநாள் அதே பிழை நேரும்போது அவர் நிலை முன்போலவே இருக்கும். ஆதலின், தொடக்கநிலையினருக்கு வழக்கமாக நேரும் பிழைகள் யாவை, அவற்றைத் தாமே காண்பது எவ்வாறு, பிறரிடம் உதவி கேட்பதும் பிறருக்கு உதவுவதும் எம்முறையில் அமைய வேண்டும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

இக்கட்டுரையில் பைத்தானின் ஆணைச்சொற்களும் பிழைப்பெயர்களும் ஒலிப்படி தமிழெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. கணிப்பொறியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டுதல் வேண்டும். ஆனால் நிரல் எழுதுவோர் தாமே இட்டுக்கொள்ளும் பெயர்களைத் தமிழிலும் எழுதலாம். 'மழை = 12.5' என்னும் வரியை இன்றைய பைத்தான் தடையின்றி ஏற்றுக்கொள்ளும்.

மொழியும் அதன் பதிப்புகளும்

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டினரான கீடோ வான் ராசம் என்பவர். ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, 1989 டிசம்பரில் அவர் இவ்வேலையைத் தொடங்கினார். முதல் வெளியீடு 1991-இல் வந்தது. மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லேயாயினும், இப்பெயர் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

2008-இல் இம்மொழியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இது இரண்டாம் பதிப்பினின்று சில முக்கிய இடங்களில் வேறுபடும். இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1-ஆம் நாளுடன் முடிவடைந்தது. எனினும் பழைய பதிப்பைப் பின்பற்றிய நூல்கள் இன்னும் பலர் கையில் உள்ளன. அவற்றைப் பார்த்து எழுதுவோருக்கு முதல் வரியிலேயே பிழை நேர்வதுண்டு. எடுத்துக்காட்டாக, விடையை அச்சிடும் 'பிரிண்ட்' என்னும் ஆணையைப் பழைய பதிப்பில் அடைப்புக்குறியின்றி எழுதலாம். புதிய பதிப்பில் அடைப்புக்குறி இன்றியமையாதது. ஆகவே, ஐயம் எழும்போது முதலில் கவனிக்க வேண்டியது, கையிலுள்ள நூலும் கணிப்பொறியிலுள்ள மொழியும் ஒரே பதிப்பைச் சேர்ந்தனவா என்பதேயாகும்.

பிழையறிக்கையைப் படிக்கும் முறை

நிரலை ஓட்டும்போது மேற்செல்ல இயலாத இடம் வந்தால், பைத்தான் நின்றுவிட்டு ஓர் அறிக்கையை வெளியிடும். தொடக்கநிலையினர் பெரும்பாலும் இவ்வறிக்கையைக் கண்டு அஞ்சுகின்றனர்; படியாமலே மூடிவிடுகின்றனர். உண்மையில், அவருக்குக் கிடைக்கும் முதல் உதவி இதுவேயாகும். நோயாளியின் நாடி மருத்துவருக்கு எத்தகையதோ, நிரலைத் திருத்துவோருக்கு இவ்வறிக்கை அத்தகையது.

அறிக்கையின் தலைப்பில் 'ட்ரேஸ்பேக்' என்ற சொல்லும், 'மிக அண்மையில் நிகழ்ந்த அழைப்பு கடைசியில்' என்று பொருள்படும் குறிப்பும் காணப்படும். இக்குறிப்பே படிக்கும் முறையைச் சொல்லிவிடுகின்றது. அறிக்கையைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். கடைசி வரியில் பிழையின் பெயரும், அதையடுத்து முக்காற்புள்ளியும், பின்னர்க் காரணமும் இருக்கும். அதற்கு மேலுள்ள வரிகளில் கோப்பின் பெயரும், பிழை நேர்ந்த வரியின் எண்ணும், அவ்வரியும் தரப்பட்டிருக்கும். வேறொருவர் எழுதிய தொகுதியைப் பயன்படுத்தும்போது அறிக்கை இருபது முப்பது வரி நீளலாம். அப்போதும் கடைசி வரியை முதலிற் படித்துவிட்டு, மேல்நோக்கிச் சென்று, தாம் எழுதிய கோப்பின் பெயர் எவ்விடத்தில் முதலில் தென்படுகிறதோ அவ்விடத்தில் நிற்பது நன்று.

2021-இல் வெளிவந்த 3.10-ஆம் பதிப்பு முதல் இவ்வறிக்கைகள் வெகுவாகத் தெளிவு பெற்றுள்ளன. மூடப்படாத அடைப்புக்குறி எது என்பதையும், முக்காற்புள்ளி விடுபட்ட இடத்தையும் அவை சுட்டுகின்றன. 2022-இன் 3.11-ஆம் பதிப்போ வரியினுள்ளும் எப்பகுதி தவறியது என்பதை அடிக்கோடிட்டுக் காட்டுகின்றது. பழைய பதிப்பை வைத்திருக்கும் பள்ளிகள் புதியதற்கு மாறுவதனால் மாணவருக்குக் கிடைக்கும் முதற்பயன் இதுவே எனலாம்.

எழுத்தும் இடமும் பற்றிய பிழைகள்

முதல் வகை, 'சின்டாக்ஸ் எர்ரர்' எனப்படும் தொடரமைப்புப் பிழையாகும். 'இஃப்', 'ஃபார்', 'வைல்', 'டெஃப்' ஆகிய சொற்களால் தொடங்கும் வரியின் இறுதியில் முக்காற்புள்ளி இடாமை, திறந்த அடைப்பை அல்லது மேற்கோள்குறியை மூடாமை, ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறிகள் இடவேண்டிய இடத்தில் ஒன்றே இடுதல் ஆகியன இதற்குக் காரணங்கள். ஒரு சமக்குறி மதிப்பை ஏற்றுவதற்கு. இரண்டு சமக்குறிகள் ஒப்பிடுவதற்கு. சுட்டப்பட்ட வரியில் குறை எதுவும் தென்படாவிடில், அதற்கு முந்திய வரியைப் பார்த்தல் வேண்டும். முந்திய வரியில் மூடப்படாத அடைப்பின் விளைவு அடுத்த வரியில் வெளிப்படுவது பழைய பதிப்புகளில் சாதாரணம்.

இரண்டாவது, உள்தள்ளல் பற்றியது. பிற மொழிகள் பலவற்றில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி பார்வைக்கு அழகு தருவதற்கே. பைத்தானிலோ எந்த ஆணைகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதை அவ்விடைவெளியே தீர்மானிக்கின்றது. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு வெற்றிடங்கள் விடுவது ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். ஓரிடத்தில் வெற்றிடங்களும் மற்றோரிடத்தில் டேப் விசையும் கலந்து வந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் யந்திரத்துக்கு அவை வேறாகும். ஒரே கோப்பை இருவர் மாறி மாறித் திருத்தும்போது இது நேர்கின்றது.

மூன்றாவது, 'நேம் எர்ரர்', அதாவது பெயர் அறியப்படாமை. எழுத்துக்கூட்டில் தவறுதல், ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றித் தட்டுதல், மேற்கோள்குறிக்குள் இருக்க வேண்டிய சொல்லை வெளியே விடுதல் ஆகியவற்றால் இது விளையும். புதிய பதிப்புகள் 'இப்பெயரைக் கருதினீரோ' என்று அண்மையான பெயரை எடுத்துக்காட்டவும் செய்கின்றன.

எண்ணும் எண்போன்ற எழுத்தும்

தொடக்கநிலையினரை மிகுதியாகக் குழப்புவது இப்பகுதியே. விசைப்பலகையிலிருந்து மதிப்பைப் பெறும் 'இன்புட்' என்னும் ஆணை, பயன்படுத்துவோர் 12 என்று தட்டினாலும் அதனை எண்ணாகக் கொள்வதில்லை. ஒன்று, இரண்டு ஆகிய இரண்டு குறிகள் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துத் தொடராகவே கொள்ளும். இத்தகைய தொடருக்குச் 'சரம்' என்று பெயர். 12 என்னும் சரத்தையும் 5 என்னும் சரத்தையும் கூட்டினால் கிடைப்பது 17 அன்று, 125 ஆகும். சரத்தோடு உண்மையான எண்ணைக் கூட்ட முயன்றால் 'டைப் எர்ரர்' தோன்றும். முழு எண்ணாயின் 'இன்ட்' என்ற ஆணையாலும், தசம எண்ணாயின் 'ஃப்ளோட்' என்ற ஆணையாலும் மாற்றிய பின்னரே கணக்கிடுதல் வேண்டும். மதிப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயமிருந்தால் 'டைப்' என்னும் ஆணையால் கேட்டறியலாம்.

மாற்ற இயலாத சரம் வந்தால் 'வேல்யூ எர்ரர்' ஏற்படும். களப்பணியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒரு மழைமானி நிலையத்தின் ஏழு நாள் பதிவுகள், மில்லிமீட்டரில், முறையே நில், 2.5, 12.4, நில், 64.5, 1.2 என்றும், ஏழாம் நாளுக்கு வெற்றிடமாகவும் இருப்பதாகக் கொள்வோம். மழை பெய்யாத நாளுக்குப் பதிவேட்டில் 'நில்' என்று எழுதியுள்ளனர். ஏழாம் நாளில் அளவு பார்க்கப்படவேயில்லை. இப்பதிவுகளை 'ஃப்ளோட்' ஆணையால் எண்களாக மாற்ற முயலும் நிரல் முதல் நாளிலேயே நின்றுவிடும். இவ்வாறு நிற்பது குற்றமன்று. பதிவேட்டில் எண்ணல்லாத ஒன்று இருக்கிறது என்னும் செய்தியை அது தெரிவிக்கின்றது. அதனை எவ்வாறு தீர்ப்பது என்பது பின்னர்க் கூறப்படும்.

எண்ணிக்கை தொடங்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பட்டியலின் முதல் உறுப்பு பைத்தானில் சுழியாவது இடத்தில் உள்ளது. ஏழு நாள் பட்டியலில் கடைசி உறுப்பின் இடம் 6; ஏழாவது இடத்தைக் கேட்டால் 'இண்டெக்ஸ் எர்ரர்' வரும். இவ்வாறே 'ரேஞ்ச்' என்னும் ஆணையில் 1, 12 என்று கொடுத்தால் 1 முதல் 11 வரையே கிடைக்கும். பன்னிரண்டு மாதங்களின் மழையைக் கூட்ட இதனைப் பயன்படுத்துபவர் டிசம்பரை இழப்பார். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களின் ஆண்டுக் கணக்கில் இது சிறிய குறையன்று. இங்குப் பிழையறிக்கை எதுவும் தோன்றாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கோப்புகள் பற்றிய இடர்கள்

கோப்பு கண்முன்னே இருக்க, 'அத்தகைய கோப்பு இல்லை' என்று பைத்தான் கூறுவதுண்டு. இதற்குரிய காரணங்கள் மூன்று. நிரல் எந்த அடைவிலிருந்து ஓட்டப்படுகிறதோ அந்த அடைவிலேயே பைத்தான் கோப்பைத் தேடும். நிரல் இருக்கும் அடைவும் ஓட்டப்படும் அடைவும் வேறாக இருக்கலாம். விண்டோஸ் இயக்கமுறை கோப்பின் பின்னொட்டை வழக்கமாக மறைத்து வைப்பதால், கோப்பின் உண்மைப் பெயரில் பின்னொட்டு இருமுறை வந்திருக்கலாம். அன்றியும், விண்டோஸ் முகவரியிலுள்ள பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால், பைத்தான் அவ்விரண்டையும் சேர்த்துப் புதிய வரிக்குரிய குறியாகக் கொண்டுவிடும். முகவரியை முன்சாய்கோட்டால் எழுதின் இத்தொல்லை இல்லை.

தமிழில் எழுதப்பட்ட கோப்புகளைத் திறக்கும்போது மற்றோர் இடர் உண்டு. விண்டோஸில் பைத்தானின் பெரும்பாலான பதிப்புகள் கோப்பின் எழுத்துக் குறியீட்டைத் தாமே ஒரு பழைய முறைப்படி கருதிக்கொள்கின்றன. அதனால் தமிழெழுத்துக்கள் சிதைந்து தோன்றும், அல்லது 'யூனிகோட் டிகோட் எர்ரர்' வரும். கோப்பைத் திறக்கும் ஆணையிலேயே குறியீடு யு.டி.எஃப்.-8 என்று குறிப்பிட்டுவிட்டால் இது தீரும்.

மாணவர் தம் நிரலுக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். எழுந்தமான எண்களைத் தரும் 'ராண்டம்' என்னும் தொகுதியைப் பயில்பவர், தம் கோப்புக்கும் அப்பெயரையே இடுவாராயின், பைத்தான் அவருடைய கோப்பையே தொகுதியாக எடுத்துக்கொள்ளும். எதிர்பார்த்த ஆணைகள் அதில் இரா. கோப்பின் பெயரை மாற்றுவதே இதற்கு மருந்து.

பேசாத பிழைகள்

இதுகாறும் கூறியவற்றிற் பெரும்பாலானவை தாமே அறிவித்துக்கொள்ளும் பிழைகள். அவற்றால் காலம் வீணாகுமேயன்றிப் பெருங்கேடு விளையாது. நிரல் தங்குதடையின்றி ஓடி, நேர்த்தியாக அச்சிட்ட ஒரு விடையையும் தந்து, அவ்விடை தவறாக இருப்பதே அஞ்சத்தக்க நிலை.

ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் 100, 35, 9 என்று சரங்களாகப் படிக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். இவற்றுள் மிகப் பெரியது எது என்று கேட்டால் பைத்தான் 9 என்று விடையளிக்கும். சரங்கள் அகராதி முறையில் முதலெழுத்தைக்கொண்டு ஒப்பிடப்படுவதே காரணம். பிழையறிக்கை எதுவும் வராது. சரிபார்க்கப்படாவிடில், முதல் மதிப்பெண் பெற்ற மாணவரின் பெயர் பட்டியலின் மேலிடத்தில் இராது.

இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்தால் அது மழைநாளாகும். கனமழை 64.5 மில்லிமீட்டரில் தொடங்கும். மேற்காட்டிய ஏழு நாள் பதிவில் 2.5, 12.4, 64.5 ஆகிய மூன்றும் மழைநாட்கள். அவற்றுள் கடைசியானது கனமழை. நிரலில் 'பெரியது அல்லது சமம்' என்ற குறிக்குப் பதிலாகப் 'பெரியது' என்ற குறி மட்டும் இடப்பட்டால், மழைநாட்கள் இரண்டாகிவிடும். கனமழை நாளே இல்லாமற்போகும். விடுபட்டது ஒரு சமக்குறி மட்டுமே.

தசம எண்களின் இயல்பையும் இங்குச் சொல்லுதல் தகும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். இது மொழியின் குறையன்று. கணிப்பொறி எண்களை இரண்டடிமான முறையில் சேமிப்பதால், பத்தடிமானத்தில் முடிவுறும் சில பின்னங்கள் அம்முறையில் முடிவுறுவதில்லை. ஆகவே தசம எண்கள் இரண்டு சமமா என்று நேரே ஒப்பிடாமல், அவற்றின் வேறுபாடு மிகச் சிறியதா என்று பார்ப்பதே முறை.

அறிக்கையை அடக்குதல் தீர்வாகாது

ஏழு நாள் பதிவேட்டுக்கு மீண்டும் வருவோம். நிரல் 'நில்' என்ற சொல்லில் நின்றுவிட்டது. பிழையைப் பிடித்துப் புறக்கணிக்கும் வசதி பைத்தானில் உண்டு. 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்னும் சொற்களால் அது எழுதப்படும். அவசரத்தில் உதவ வருவோர் இதனைக் கற்றுக்கொடுப்பதுண்டு. எண்ணாக மாறாதவற்றையெல்லாம் நிரல் தள்ளிவிடும். எஞ்சிய நான்கு நாட்களின் கூட்டுத்தொகை 80.6, சராசரி 20.15. மற்றொருவர், மாறாதவற்றையெல்லாம் சுழியாக்கிவிடுக என்பார். அப்போது 80.6-ஐ ஏழால் வகுக்கச் சராசரி 11.51 ஆகும். இரண்டு நிரல்களும் ஓடும். இரண்டு விடைகளும் தவறு.

'நில்' என்பது மழை பெய்யவில்லை என்று அறிந்து எழுதப்பட்ட பதிவு. ஆதலின் அது சுழியாகும். வெற்றிடம் என்பது அளவு பார்க்கப்படாமை. அதனைக் கணக்கினின்று நீக்கவேண்டும். எனவே ஆறு நாட்களுக்குரிய சராசரியாகிய 13.43 என்பதே சரியான விடை. ஒரு நாள் பதிவு இல்லை என்பதையும் உடன் தெரிவித்தல் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பைத்தான் அறியாது. நிரல் வல்லுநரும் அறியாதிருக்கலாம். பதிவேட்டை எழுதியவரே அறிவார். பிழையறிக்கை தோன்றியபோது அவர் சற்று நின்று 'இங்கு எழுதியிருப்பது என்ன, அதன் பொருள் என்ன' என்று கேட்டுக்கொள்வாராயின் விடை சரியாகும். அறிக்கையை மறைத்துவிடுவாராயின் தவறான எண் மேலிடத்துக்குச் செல்லும். 2016-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பயிர் அறுவடைப் பரிசோதனைகளினின்று பெறப்படும் சராசரி விளைச்சலும் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அடிப்படைகளுள் ஒன்றாகும். அத்தகைய கணக்குகளில் வெற்றிடத்தைச் சுழியாகக் கொள்வதன் விளைவு விவசாயியின் வாசல்வரை செல்லும்.

உதவி கேட்கும் முறை

தாமே முயன்றும் பிழை புலப்படாதபோது பிறர் உதவியை நாடுவதில் தாழ்வில்லை. ஆயினும் 'நிரல் ஓடவில்லை, என்ன செய்வது?' என்று மட்டும் எழுதுபவருக்கு எவராலும் உதவ இயலாது. கேட்பவர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்தல் வேண்டும்.

(1) நிரல் செய்யவேண்டிய வேலை யாது.

(2) பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல். அதாவது, தொடர்பற்ற வரிகளை நீக்கிய பின்பும் அதே பிழையைத் தரும் பகுதி.

(3) கொடுத்த தரவு, எதிர்பார்த்த விடை, உண்மையில் கிடைத்த விடை.

(4) பிழையறிக்கை முழுவதும், ஓர் எழுத்தும் மாறாமல். நினைவிலிருந்து எழுதுவதும், மங்கலாக எடுத்த நிழற்படத்தை அனுப்புவதும் பயன்படா.

(5) பைத்தானின் பதிப்பு, இயக்கமுறை, இதுவரை செய்து பார்த்த முயற்சிகள்.

மேற்கூறிய மழைக்கணக்கைப் பற்றிக் கேட்பவர் பின்வருமாறு எழுதலாம்: "ஐயா, ஏழு நாள் மழையளவின் சராசரியைக் காண நிரல் எழுதியுள்ளேன். பைத்தான் 3.12, விண்டோஸ். முதல் மூன்று பதிவுகளையும் நான்கு வரி நிரலையும் கீழே தந்துள்ளேன். மூன்றாம் வரியில் வேல்யூ எர்ரர் வருகின்றது; சரத்தைத் தசம எண்ணாக மாற்ற இயலவில்லை என்று கூறுகின்றது. முதல் நாள் பதிவில் 'நில்' என்று உள்ளது. அதனைச் சுழியாகக் கொள்ள வேண்டும். வெற்றிடமான நாளை நீக்க வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." இவ்வாறு கேட்கப்பட்ட வினாவில் விடையின் பாதி அடங்கியுள்ளது.

நிரலைச் சுருக்கும் முயற்சியிலேயே பிழை வெளிப்பட்டுவிடுவது அடிக்கடி நிகழ்வதாகும். 1999-இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் ஆகிய இருவர் நிரல் எழுதுவோருக்காக வெளியிட்ட ஒரு நூலில் இதற்கொரு வேடிக்கையான வழி குறிக்கப்பட்டுள்ளது. மேசைமீது ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்கு நிரலை வரிவரியாக விளக்கிச் சொல்லுதலே அது. வாத்து விடை கூறாது. ஆனால் வாய்விட்டு விளக்குபவர், தாம் எழுதியதாக எண்ணியதும் உண்மையில் எழுதியதும் வேறுபடும் இடத்தைத் தாமே கண்டுகொள்வார்.

பிறருக்கு அனுப்பும் எடுத்துக்காட்டில் உண்மையான மாணவர் பெயர், விவசாயிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியன இருத்தல் கூடாது. கற்பனையான இரண்டு மூன்று வரிகளே போதுமானவை.

உதவுவோர் கவனிக்க வேண்டியவை

உதவுபவர் தாமே விசைப்பலகையை வாங்கித் திருத்திவிடுவது எளிது. ஆனால் அதனால் கற்பவருக்குக் கிடைப்பது ஓடும் நிரல் ஒன்றேயன்றி அறிவன்று. 'கடைசி வரியைப் படியுங்கள். எந்த வரியின் எண் தரப்பட்டுள்ளது? அவ்வரியில் இம்மாறியின் மதிப்பு இப்போது என்னவாக இருக்கும் என்று கருதுகிறீர்கள்? அச்சிட்டுப் பாருங்கள்' என்று கேட்பதே முறை. கருதிய மதிப்புக்கும் அச்சான மதிப்புக்கும் இடையே வேறுபாடு தோன்றும் இடமே பிழை இருக்கும் இடம். அச்சிடும்போது 'ரெப்ர்' என்னும் ஆணையைச் சேர்த்துக்கொண்டால், ஊர்ப்பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் போன்ற கண்ணுக்குப் புலப்படாதவையும் மேற்கோள்குறிகளுக்கிடையே வெளிப்படும்.

பள்ளிகளில் ஆசிரியர் வகுப்புக்கென ஒரு பிழைக் குறிப்பேட்டை வைத்திருக்கலாம். பிழையின் பெயர், அது தோன்றிய வரி, உண்மைக் காரணம், தீர்த்த முறை என நான்கு பத்திகள் போதும். ஒவ்வொரு மாணவரும் தமக்கு நேர்ந்ததைத் தம் கையால் எழுதுதல் வேண்டும். சில வாரங்களில், பல வகையாகத் தோன்றிய பிழைகள் உண்மையில் ஏழெட்டு வகையினவே என்பதை வகுப்பு கண்டுகொள்ளும். பிழை செய்வது இழிவு என்னும் எண்ணமும் அதனோடு மறையும்.

அண்மை ஆண்டுகளில், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் உரையாடற் கருவிகளும் வழக்கத்துக்கு வந்துள்ளன. பிழையறிக்கையின் பொருளை விளக்கிக்கொள்ள இவை பெரிதும் உதவும். ஆயினும் பதிவேட்டிலுள்ள வெற்றிடத்தின் பொருள் யாது என்பது சொல்லப்படாதவரை அவற்றுக்குத் தெரியாது. மனிதர் தந்ததாயினும் கருவி தந்ததாயினும், எந்த நிரலையும் விடை தெரிந்த சிறு கணக்கொன்றைக் கொடுத்துச் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும். ஏழு நாள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அவ்விடையும் நிரலின் விடையும் ஒத்திருந்தால் முந்நூற்று அறுபத்தைந்து நாள் கணக்கை நிரலிடம் ஒப்படைக்கலாம். வரையறையின் எல்லையில் நிற்கும் 2.5, 64.5 போன்ற எண்களும், 'நில்' என்ற சொல்லும், ஒரு வெற்றிடமும் அச்சோதனையில் தவறாது இடம்பெற வேண்டும்.

நிரல் எழுதும் பயிற்சியில் பிழை நேர்வது இயல்பு. அனுபவம் மிக்கவர்க்கும் அது நேர்கின்றது. தொடக்கநிலையினருக்கும் அவர்க்கும் உள்ள வேறுபாடு, பின்னவர் அறிக்கையைப் படிக்கின்றார், முன்னவர் படிப்பதில்லை என்பதே. பிழையறிக்கை பேசும்போது கேட்கவும், பேசாதபோது தாமே சோதிக்கவும் பழகியவர், தம் பணிக்கு வேண்டிய கணக்கை நம்பிக்கையுடன் கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாம். அப்பழக்கத்தை மாணவரிடத்தும் உடன்பணியாற்றுவோரிடத்தும் உண்டாக்குவதே ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்க உதவியாகும்.